போறணைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி

எமது வர்த்தகர்கள் கடன் கொப்பியை ஒரு நாளும் மறப்பதில்லை. மா வந்த கணக்கு, சீனி போன கணக்கு எல்லாம் எழுத்தில் இருக்கும். ஆனால் அதே பேக்கரியில் போறணைக்கு முன்னால் நிற்பவர் எவ்வளவு சூட்டில், எத்தனை மணித்தியாலம் நின்றார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுப்பது வழமையாகிவிட்டது. அது வெளியிலுள்ள சூட்டைப் பற்றியது. போறணையடியிலும் தகரக் கூரைக் களஞ்சியத்திலும் சூடு அதைவிடக் கூடுதல்.

தொழிற்சாலையில் நடந்த விபத்தால் ஒருவர் இறந்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் முழுச் சம்பளத்துக்கு உழைக்க முடியாமற் போனாலோ அதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டுமென்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம். தலைசுற்றி இயந்திரத்தில் விழுந்தவரின் விடயத்தில் "தண்ணீர் கொடுத்தோம், ஓய்வு கொடுத்தோம்" என்று முதலாளி வாயால் சொல்வது எடுபடாது.

வெளிநாடுகள் இதில் முந்திவிட்டன. எம்மவர் பலர் உழைக்கும் கத்தாரில், ஈரப்பதனையும் வெயிலையும் சேர்த்துக் கணிக்கும் வெப்ப அளவு 32.1 பாகையைத் தாண்டினால் வெளிவேலையை நிறுத்த வேண்டுமென 2021இல் விதி வந்தது. கலிபோர்னியாவில் கட்டடத்துக்குள் நடக்கும் வேலைக்கும் 2024இல் விதி வந்தது. அளந்த வெப்பநிலையைத் திகதி, நேரம், இடத்துடன் எழுதி 12 மாதங்களாவது வைத்திருக்க வேண்டும்.

நமக்கு ஒரு வெப்பமானியும் ஒரு சீஆர் கொப்பியும் போதும். ஆள் நிற்கும் இடத்தில், சூடு கூடிய நேரத்தில் அளந்து எழுதுங்கள். ஓய்வு கொடுத்த நேரம், தண்ணீர் வைத்த விபரம், யாருக்காவது மயக்கம், வாந்தி, தசைப்பிடிப்பு வந்ததா, என்ன செய்தோம் என்பவற்றையும் எழுதி, பொறுப்பாளர் ஒப்பமிட வேண்டும்.

புதிதாகச் சேர்ந்தவரின் முதல் நாளைக் கட்டாயம் குறியுங்கள். சூட்டுக்குப் பழகாத முதல் சில நாட்களே ஆபத்தானவை. முதல் நாள் வழமையான வேலை நேரத்தில் 20 வீதம் மட்டும் சூட்டில் நிற்க விட்டு, நாளுக்கு 20 வீதமாகக் கூட்டுவது அமெரிக்க நிபுணர்களின் ஆலோசனை.

மாத முடிவில் ஒரே பேனையால் முப்பது நாளையும் நிரப்பாதீர்கள். பார்த்தவுடனே தெரிந்துவிடும். அன்றன்று எழுதினால், எந்த வேலையை அதிகாலைக்கு மாற்றலாம், காற்றாடியை எங்கே பூட்டலாம் என்பதையும் அந்தக் கொப்பியே சொல்லித் தரும்.