அந்தமானியரின் வரவேற்புக் கண்ணீர்

கண்ணீரைத் துயரத்தின் அடையாளமாகவே பலரும் கொள்வர். 1906 முதல் 1908 வரை அந்தமான் தீவுகளில் ஆராய்ந்த மானிடவியலறிஞர் ராட்கிளிஃப்-பிரௌன் வேறொன்றைக் கண்டார். நெடுநாள் பிரிந்திருந்த உற்றார் மீண்டும் சந்திக்கையில் தழுவி அமர்ந்து அழுதனர்; சமாதானச் சடங்கில் பகைவரும் சேர்ந்து அழுதனர். அழுது காட்டுமாறு அவர் வேண்டியபோது மெய்யான கண்ணீரே பெருகிற்று. இவ்வழுகை உறவை உறுதிப்படுத்தும் வழக்கம் என 1922-இல் வெளியிட்ட நூலில் அவர் விளக்கினார்.

கண்ணீர் சுரத்தல் உடலின் இயற்கை. எப்போது, யாருடன் அழுவது என்பதோ மூத்தோரைக் கண்டு இளையோர் கற்பது. பிறர் உள்ளக்குறிப்பை உணர்வதிலும் இத்தகைய பயிற்சிக்குப் பங்குண்டு.

ஆகவே, வேற்றுச் சமூகத்தாரிடையே பணியாற்றுவோர் அழுகையைத் துயரமென்றோ, அழாமையை அன்பின்மையென்றோ உடனே முடிவு செய்தல் ஆகாது. அதன் பொருளை அவர்களிடமே கேட்டறிதல் வேண்டும்.