தக்காளி நாற்றுக்குத் தண்ணீர்... ஒருவர் ஊற்றினால் போதும்!

2023 ஜூலை மாதம் நினைவிருக்கிறதா? தக்காளி விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி எகிற, சென்னையில் ரேஷன் கடைகளிலேயே கிலோ 60 ரூபாய்க்கு அரசு விற்றது. ரசத்துக்கு ஒரு பழம் போடவே யோசித்த அந்த நாட்களில்தான் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் முதன்முதலாகத் தக்காளி விதை போட்டோம். தாகம் எடுத்த பிறகு கிணறு வெட்டுகிற கதைதான். விதை முளைத்து நாற்றாக ஒரு மாதம், நட்ட பிறகு முதல் பழத்துக்கு இரண்டு மாதத்துக்கும் மேல். பழம் கைக்கு வரும்போது கடையில் விலை இறங்கியிருக்கும்.

ஆனால் எங்கள் கதை அதுவரைகூடப் போகவில்லை. முளைத்த நாற்பது நாற்றும் பன்னிரண்டாம் நாளுக்குள் செத்துவிட்டன. காரணம் பூச்சி இல்லை, வெயில் இல்லை. தண்ணீர்!

காலையில் நான் ஊற்றினேன். நான் மறந்திருப்பேன் என்று அம்மா ஊற்றினார். பள்ளிவிட்டு வந்த பையன் ஆசையாக ஒரு மக் ஊற்றினான். செடி வாடியது போலத் தெரிந்ததால் மாலையில் மறுபடி நான். பாசம் அதிகமாகிச் செத்த செடிகள் அவை.

தலை சாய்ந்தால் தாகம் என்று நினைக்காதீர்கள்

இந்த நோய்க்கு நாற்றழுகல் என்று பெயர். ஈரம் தேங்கிய மண்ணில் வளரும் பூஞ்சைகளால் வருவது. முந்தைய மாலை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கும். குனிந்து பாருங்கள். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் பழுப்பாகி, நூல் போல இளைத்திருக்கும். பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லாமல் வாடியது போலவே இருப்பதால், நாம் இன்னும் ஊற்றுவோம். பக்கத்து நாற்றுக்கும் பரவும். அழுகிய நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. மண்ணோடு சேர்த்து எடுத்துப் போட்டுவிட்டு மற்றவற்றைக் காய விடுவதுதான் வழி.

தாகமா, அழுகலா என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி இருக்கிறது. தட்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தண்ணீர் வேண்டும். கனமாக இருந்தால் தொடவே வேண்டாம். இரண்டு நாளில் கைக்குப் பழகிவிடும்.

விதை எங்கே வாங்குவது?

கடையில் வாங்கிய பழத்தைப் பிழிந்து விதை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். முளைக்கும். ஆனால் சந்தைக்கு வரும் பழங்களில் பல வீரிய ஒட்டு ரகம். அதன் விதையில் வரும் செடி தாயைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. நாட்டு ரகமோ, பி.கே.எம்.1 போன்ற ரகமோ வாங்கினால் அடுத்த முறைக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். பி.கே.எம். என்பது பெரியகுளத்தைக் குறிக்கும். அங்குள்ள தோட்டக்கலைக் கல்லூரியில், அண்ணஞ்சி என்ற உள்ளூர் தக்காளியிலிருந்து உருவாக்கிய ரகம் அது. சற்றே தட்டையான பழம், காம்புப் பக்கம் பச்சை படர்ந்திருக்கும்.

நன்றாகப் பழுத்த பழத்தின் விதையைச் சாறோடு ஒரு டம்ளரில் இரண்டு, மூன்று நாள் புளிக்க விடுங்கள். வாசனை கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான உறை முளைப்பதைத் தடுக்கும். புளித்தால் அது கழன்றுவிடும். பிறகு கழுவி, தட்டில் பரப்பி நிழலில் காய வைக்க வேண்டும். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உரிக்க வராது.

விதைப்பு முதல் நடவு வரை

தென்னைநார்க் கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. கட்டியாக வாங்கும் நார்க்கழிவை ஊறவைத்து, இரண்டு முறையாவது அலசிப் பிழியுங்கள். அதில் உள்ள உப்பு போக வேண்டும். கலவையை ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. குழித்தட்டு இல்லையென்றால் அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப் போதும்.

விதைக்கும் முன் உரக்கடையில் கிடைக்கும் சூடோமோனாஸ் பொடி ஒரு சிட்டிகை எடுத்து, ஈர விதையோடு பிசிறி அரை மணி நேரம் நிழலில் வைப்பது நல்லது. அரை சென்டிமீட்டர் ஆழம் போதும். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். முளை தலை காட்டிய அன்றே வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பாவம் என்று நிழலில் வைத்தால் நெட்டையாக வளர்ந்து சரிந்துவிடும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்ற வேண்டாம். அகலத் தட்டில் ஒரு விரல் தண்ணீர் விட்டு அதில் குழித்தட்டைக் கால் மணி நேரம் வையுங்கள். அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும், மீதியைக் கொட்டிவிடுங்கள். காலையில் மட்டும், ஒருவர் மட்டும். எங்கள் வீட்டில் இப்போது அந்தப் பொறுப்பு அம்மாவுக்கு. நாங்கள் பார்க்கலாம், தொடக் கூடாது.

இன்னொரு எதிரி வெள்ளை ஈ. இலைச்சுருட்டை வைரஸைக் கொண்டுவருவது அதுதான். சிறு வயதில் அது தாக்கினால் செடி குட்டையாகி, காய்ப்பு பெரும்பாலும் போய்விடும். கிழிந்த கொசுவலை இருந்தால் நாற்றுக்கு மேல் கூடாரம் போலக் கட்டிவிடுங்கள். வீட்டில் பீடி, சிகரெட், புகையிலை பழக்கம் உள்ளவர்கள் நாற்றைத் தொடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலையில் இருக்கும் ஒரு வைரஸ் தக்காளிக்கும் ஒட்டும். (இதைச் சொல்லியே எங்கள் மாமாவைத் தோட்டத்துப் பக்கம் வராமல் செய்துவிட்டோம்.)

25 நாளில் நான்கைந்து இலை வந்திருக்கும். வெயிலை நாளுக்கு நாள் கூட்டிப் பழக்கிவிட்டு, மாலை நேரத்தில் மாற்றி நடுங்கள். 12 அங்குலப் பைக்கு ஒரு செடி. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டில் பாதி மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடலாம். புதைந்த தண்டிலிருந்தும் வேர் விடும் செடி இது.

எப்போது விதைப்பது?

பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டிவிடும். அதனால் சித்திரை, வைகாசியில் பூக்கும்படி விதைத்தால் ஏமாற்றம்தான். கார்த்திகையில் மழை ஓய்ந்த இடைவெளி பார்த்து விதைத்தால் மார்கழியில் நடலாம், தையில் பூக்கும், மாசி கடைசியில் பறிக்கலாம். மழைக்குத் தட்டை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவைக்க மறக்காதீர்கள். பூத்த பிறகு தினமும் காலையில் செடியின் குச்சியை விரலால் மெல்லத் தட்டுங்கள், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்க உதவும்.

நான்கு செடி போதுமென்றாலும் இருபது விதை போடுங்கள். எங்கள் இரண்டாவது முயற்சியில் இருபதுக்குப் பதினாறு தேறியது. ஆறு எங்கள் மாடியில் இருக்கிறது, மீதியை எதிர் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் கொடுத்தோம். கொடுக்கும்போது அம்மா மறக்காமல் கேட்டார், “உங்க வீட்டுல தண்ணி ஊத்தப்போறது யாரு?”