6.6 யார் வீட்டு எண்?

செடி வளர்க்கும் மீன்தொட்டி வைக்கக் கிளம்பியவர்களின் காதில் முதலில் விழுவது 6.6 என்ற எண்தான். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மாட்டி, வைத்த எண்ணுக்கு பிஎச் இறங்கும்வரை வாயு விடும் பிஎச் கன்ட்ரோலரில் 6.6 வைத்துவிடுங்கள், செடி தளதளவென்று வரும், மீனுக்கும் ஒன்றும் ஆகாது என்பார்கள். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டுத் தண்ணீருக்கு அது சரியாக இருந்திருக்கும். தாம்பரம் பக்கம் சேலையூரிலோ செம்பாக்கத்திலோ போர் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் அதே எண்ணை வைத்தால், விடிவதற்குள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பிக்கலாம்.

செடிக்கு ஏன் வாயு? காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுதான் கரைந்திருக்கும். அதுவும் இலையைத் தேடி நகரும் வேகம் காற்றில் இருப்பதைவிடப் பத்தாயிரம் மடங்கு குறைவு. தொட்டி வளர்ப்பவர்கள் இதை லிட்டருக்கு 30 மில்லிகிராம் பக்கம் உயர்த்தப் பார்க்கிறார்கள். ஆனால் கரைந்த வாயுவை நேரடியாக அளக்கும் கருவி மலிவில் கிடைப்பதில்லை. எனவே சுற்றுவழி: வாயு கரைந்தால் கார்பானிக் அமிலம் உண்டாகும், பிஎச் இறங்கும், அந்த இறக்கத்திலிருந்து வாயுவைக் கணக்கிடலாம்.

எவ்வளவு இறங்கும் என்பதைத் தண்ணீரில் ஏற்கனவே உள்ள பைகார்பனேட்தான் தீர்மானிக்கிறது. தொட்டிக்காரர்கள் அதை கேஎச் என்பார்கள். ஒரு கேஎச் என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 17.9 மில்லிகிராம். ஆய்வகத் தண்ணீர் அறிக்கையில் 'மொத்தக் காரத்தன்மை' என்று இருக்கும் எண்ணை 17.9ஆல் வகுத்தால் கிடைத்துவிடும். கணக்கு இதுதான்: கேஎச்சை 3ஆல் பெருக்கினால், பிஎச் 7இல் இருக்கும் வாயுவின் அளவு வரும். 7இலிருந்து பிஎச் ஒரு புள்ளி இறங்கினால் அது பத்து மடங்கு, 0.4 புள்ளி இறங்கினால் இரண்டரை மடங்கு.

போட்டுப் பாருங்கள். கேஎச் 4 உள்ள தண்ணீரில் 6.6 என்றால் 12ஐ இரண்டரையால் பெருக்க வேண்டும்: 30 மில்லிகிராம். அந்த அறிவுரை பிறந்த இடம் இதுதான். காரத்தன்மை 215 என்று அறிக்கை வந்த போர் தண்ணீரில் கேஎச் 12. அங்கே 6.6 என்றால் 90 மில்லிகிராம், மீனுக்கு எமன். அந்தத் தண்ணீருக்கு 7.1லேயே 30 வந்துவிடும். உப்பு குறைந்த கேன் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து கேஎச் 1க்குக் கொண்டுவந்தவர் 6.6 வைத்தால் கிடைப்பது ஏழரை மில்லிகிராம்தான். அவர் 6.0 வரை போக வேண்டும்.

இந்த பைகார்பனேட் எங்கிருந்து வருகிறது? பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குக்கு வைத்த கல்லறைக் கல்லை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் சூட்டிய பெயர் அது. மழைநீர் மண்ணில் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையின் ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்களைச் சிறுகச் சிறுக அரிக்க, களிமண் மிஞ்சுகிறது; கால்சியம், மக்னீசியம், சோடியத்தோடு பைகார்பனேட்டும் நிலத்தடி நீரில் சேர்கிறது. சிலிண்டர் செய்யும் அதே வேதியியல்தான். அங்கே அதற்கு அவசரமில்லை.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மோட்டார் போட்டவுடன் பிடித்த தண்ணீரில் மண்ணுக்குள் வாங்கிய வாயு இன்னும் இருக்கும். அப்போது பிஎச் 7 பக்கம் காட்டும். வாளியில் ஒரு ராத்திரி வைத்தால் வாயு பறந்து 8ஐத் தாண்டும். வாளி ஓரத்திலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்கறை வருவதும் இப்படித்தான். எனவே குழாயடியில் அளந்த பிஎச்சை நம்ப வேண்டாம்.

டிடிஎஸ் மீட்டரையும்தான். கேன் கடைக்காரரிடம் இருக்கும் அந்தப் பேனா உப்புகளின் மொத்தத்தைச் சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் கடல்நீர் கலந்த கிணற்றில் சாதாரண உப்பால் டிடிஎஸ் எகிறியிருக்கும்; கேஎச் அந்த அளவுக்கு இருக்க வேண்டிய அவசியமில்லை. சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் கேஎச் கிட் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது.

பலரும் பயப்படுவது பிஎச் இறங்குவதைப் பார்த்துத்தான். ஏரிகளில் காலைக்கும் மத்தியானத்துக்கும் ஒரு புள்ளி, அதற்கு மேலும்கூட, பாசியால் ஏறி இறங்குவது சகஜம். ஆபத்து வாயுவில் இருக்கிறது. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் பலம் குறைகிறது. 1904இல் கிறிஸ்தியான் போர் விளக்கிய விளைவு இது (அணு மாதிரி தந்த நீல்ஸ் போரின் அப்பா). மீனுக்கு இது நம்மைவிடக் கடுமை. மே மாதத்தில் நெருக்கடி இன்னும் கூடும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6தான்.

பிஎச் இறங்கிவிட்டதே என்று சமையல் சோடா போடுவதுதான் இருப்பதிலேயே வீண் வேலை. வாயு கேஎச்சைத் தின்பதில்லை. வாயுவை நிறுத்தினால் பிஎச் தானே பழைய இடத்துக்கு வரும். நூறு லிட்டருக்கு 3 கிராம் சோடா கேஎச்சை ஒன்று கூட்டும். கன்ட்ரோலர் பழைய எண்ணிலேயே இருந்தால், அதை எட்ட இன்னும் வாயுவைக் கொட்டும். கேன் தண்ணீர் மட்டுமே ஊற்றி கேஎச் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும் தொட்டிக்குத்தான் சோடாவுக்கு வேலை உண்டு.

என்னைக் கேட்டால் தாம்பரம் பக்கத்துக்குக் கன்ட்ரோலரைவிட, வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் ட்ராப் செக்கர் மேல். ஒரே வீட்டில் கார்த்திகையில் போர், சித்திரையில் லாரி, நடுவில் பாலாற்றுத் தண்ணீர் என்று மாறிக்கொண்டிருக்க, கேஎச் எப்படி ஒரே எண்ணில் நிற்கும்? ட்ராப் செக்கருக்குள் தனியாக கேஎச் 4 கரைசலும் புரோமோதைமால் ப்ளூவும் இருப்பதால் தொட்டித் தண்ணீரின் கேஎச் அதற்குப் பொருட்டில்லை. நீலம் போதாது, பச்சை சரி, மஞ்சள் ஆபத்து. குறை ஒன்றுதான்: நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். எனவே வாயுக் குமிழியை ஒரேயடியாகக் கூட்டாமல், ஒரு நாளைக்குச் சிறிது என்று கூட்டி, ராத்திரி மீனின் மூச்சையும் பார்த்துக்கொள்ள வேண்டும். விளக்கு எரிய ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே திறந்து, அணைய ஒரு மணி நேரம் முன்பே மூடும்படி சிலிண்டரின் சோலனாய்டு வால்வுக்கு டைமர் வையுங்கள். சிலிண்டருக்குப் பதில் சிலர் வைக்கும் சர்க்கரை-ஈஸ்ட் பாட்டிலுக்கு இந்த மூடி கிடையாது; ராத்திரி முழுக்க ஊதும், செடியும் அப்போது வாயுவை விடும். அந்த முறைக்காரர்கள் இரவில் ஏர் பம்ப் போட்டுவிடலாம்.

தொட்டிக்குள் போகும் கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பல்லாவரத்துக் கருங்கல் நுரைக்காது. கடற்கரைச் சிப்பியும் சலவைக்கல்லும் நுரைக்கும்; வாயு பட்டால் கரைந்து கேஎச்சை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

சிலிண்டரே வேண்டாம் என்பவர்களுக்கு ஹைட்ரில்லா உண்டு. பள்ளியில் புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணிய அதே செடி. கரைந்த வாயு தீர்ந்தால் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும் திறன் அதற்கு இருப்பதால் நம் போர் தண்ணீர் அதற்கு விருந்து. வாயுவை மட்டுமே நம்பியிருக்கும் மென்மையான செடிகளோடு அதைச் சேர்க்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் மத்தியானத்துக்குள் இருக்கும் வாயுவை எல்லாம் இழுத்து, பிஎச்சை 9க்கு மேல் ஏற்றிவிட்டு அது பாட்டுக்கு வளரும். பக்கத்துச் செடி பட்டினி கிடக்கும்.