பேச்சிப்பாறைக்கு ஒரு பைத்தான் தளம்

மழைக்காலம் பிறந்துவிட்டால் நாளிதழ்களின் கன்னியாகுமரி மாவட்டப் பதிப்பில் ஒரு செய்தி தவறாமல் வரும். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, சிற்றாறு ஒன்று, சிற்றாறு இரண்டு, பொய்கை, மாம்பழத்துறையாறு, முக்கடல் என்று அணைகளின் வரிசை. அதற்குக் கீழே பாலமோர், சுருளோடு, பூதப்பாண்டி, கன்னிமார், கோழிப்போர்விளை, முள்ளங்கினாவிளை என்று ஊர்வாரியாக மழையளவு, மில்லிமீட்டரில். கன்னிப்பூ நெல்லுக்கு ஜூனில் மதகு திறப்பார்களா, கும்பப்பூ நெல் அறுவடைவரை தண்ணீர் தாக்குப்பிடிக்குமா என்ற கவலை உள்ளவர் தலைப்புச் செய்தியைத் தாண்டி நேரே அந்த எண்களுக்குத்தான் போவார்.

மறுநாள் அந்தத் தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். இன்றைய அளவைப் போன வருஷத்து இதே தேதியின் அளவோடு ஒப்பிட வேண்டுமென்றால் பழைய தாள்களைத்தான் தேட வேண்டும். அந்த அளவுகளைத் தேதிவாரியாகச் சேர்த்துவைத்துக் காட்டும் ஒரு சிறிய இணையதளத்தைப் பைத்தானில் கட்டுவது இந்தத் தொடர் எடுத்துக்கொண்டிருக்கும் பயிற்சி. நிரல் எழுதுவதற்கு முன்னால் செய்து முடிக்க வேண்டிய ஏற்பாடுகள் இந்த வாரம். நாகர்கோவில் கோணத்தில் படிக்கும் ஒரு மாணவி தொடங்குகிறாள், குழித்துறையிலிருந்து அவள் நண்பன் சேர்ந்துகொள்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு லேப்டாப், ஒன்று லினக்ஸ், மற்றது விண்டோஸ். சிக்கல் முழுவதும் அங்கேதான் முளைக்கிறது.

பைத்தானில் இணையதளம் என்றதும் இரண்டு பெயர்கள் முன்னால் வரும்: ஃபிளாஸ்க், ஜாங்கோ. ஃபிளாஸ்க், அர்மின் ரோனாகர் 2010 ஏப்ரல் முதல் தேதி முட்டாள்கள் தின விளையாட்டாக வெளியிட்ட ஒன்றிலிருந்து வளர்ந்தது. கையடக்கமானது, வேண்டியதை ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஜாங்கோவின் கதை அணைத் தளத்துக்கு இன்னும் நெருக்கமானது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற சிறு நகரத்தில் வெளிவந்த லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட் என்ற உள்ளூர் நாளிதழின் இணையப் பிரிவில், 2003இல் ஏட்ரியன் ஹோலவட்டியும் சைமன் வில்லிசனும் அதை எழுதத் தொடங்கினார்கள். காலையில் ஆசிரியர் கேட்கும் பக்கம் மாலைக்குள் வேண்டும்; விவரங்களை நிரப்பப்போகிறவர்கள் நிரலாளர்கள் அல்ல, செய்தியாளர்கள். அந்த நெருக்கடியில் பிறந்ததால்தான் தரவை உள்ளிடுவதற்கான நிர்வாகப் பக்கம் ஜாங்கோவில் தானாகவே கிடைக்கிறது. 2005 ஜூலையில் அதை எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டார்கள். தினமும் ஏழு அணைகளின் அளவை யாரோ ஒருவர் உட்கார்ந்து நிரப்ப வேண்டிய தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்னணி கிடைக்காது.

எதைத் தேர்ந்தாலும் முதல் வேலை ஒன்றே: மெய்நிகர் சூழல். இந்தத் திட்டத்துக்கு வேண்டிய நூலகங்களை இந்தத் திட்டத்தின் ஃபோல்டருக்குள்ளேயே தனியாக அடைத்து வைக்கும் ஏற்பாடு இது. 2012இல் வெளிவந்த பைத்தான் 3.3 முதல் ‘வென்வ்’ என்ற பெயரில் மொழியோடு சேர்ந்தே வருகிறது. பலரும் இதைத் தாண்டிக் குதித்து, கணினி முழுமைக்கும் பொதுவாக நூலகங்களை நிறுவுவது வழக்கம். இப்போது லினக்ஸே அதற்கு இடம் கொடுப்பதில்லை. 2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸில் நூலகங்களை நிறுவும் ‘பிப்’ கட்டளையை வெறுமனே கொடுத்தால், இந்தப் பைத்தானை இயங்குதளம் நிர்வகிக்கிறது, தனிச்சூழல் அமைத்துக்கொள் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். இயங்குதளத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதே பைத்தானை நம்பி ஓடுவதால் வந்த கெடுபிடி. நியாயமான கெடுபிடி.

அந்தச் சூழல் ஃபோல்டரை நண்பனுக்கு அனுப்பக் கூடாது. லினக்ஸில் உருவானது விண்டோஸில் ஓடாது. அதே கணினியில் வேறு இடத்துக்கு நகர்த்தினால்கூட உடைந்துவிடும். அனுப்ப வேண்டியது ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ என்ற உரைக்கோப்பு. எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்ற பட்டியல் அது. பதிப்பு எண்ணைக் குறிப்பிடாமல் விட்டால் நடப்பது வேடிக்கையானது. பழைய கல்லூரி ஆய்வகக் கணினிகளில் விண்டோஸ் 7 இருந்தால், அதில் ஏறக்கூடிய கடைசிப் பைத்தான் 3.8தான். ஜாங்கோ 5 வரிசைக்கோ குறைந்தது பைத்தான் 3.10 வேண்டும். அந்தக் கணினியில் ஜாங்கோவை நிறுவச் சொன்னால் பிப் தகராறு செய்யாது. ஏறக்கூடிய பழைய 4.2ஐ நிறுவிவிட்டுப் போய்விடும். இரண்டு பேரும் ஜாங்கோவில்தான் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் எழுதியது மற்றவரிடம் ஓடாதபோதுதான், “எனக்க லேப்டாப்புல ஓடுகே மக்கா” என்ற வாக்குவாதம் தொடங்கும். நீண்டகால ஆதரவு உள்ள 5.2 என்று எண்ணோடு எழுதிவைத்துவிட்டால், பொருந்தாத கணினி முதல் நாளே பொருந்தாது என்று சொல்லிவிடும்.

அந்தப் பட்டியலில் இரண்டாவது வரியாக ‘ஓப்பன்-தமிழ்’ நூலகத்தைச் சேர்ப்பது நல்லது. எழில் என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் அவருடன் சேர்ந்த தன்னார்வலர்களும் வளர்த்தது. அதன் வசதிகளைக் காட்டும் ‘தமிழ்பேசு’ தளமும் ஜாங்கோவில்தான் கட்டப்பட்டது. அணைத் தளத்துக்கு அது எதற்கு என்றால், ஊர்ப்பட்டியலை அகரவரிசைப்படுத்த. கல்குளம், களியக்காவிளை, கன்னியாகுமரி என்பதுதான் நம் வரிசை. வெறும் பைத்தானிடம் வரிசைப்படுத்தச் சொன்னால் கன்னியாகுமரி முதலில் வந்து நிற்கும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை ஒட்டியே, லகர ளகரங்களுக்கு வெகு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். எழுத்துகளை எண்ணினாலும் இதே கதை: பேச்சிப்பாறை நமக்கு ஆறு எழுத்து, பைத்தானுக்குப் பன்னிரண்டு குறியீடு. ஓப்பன்-தமிழ் இரண்டையும் தமிழ் முறைப்படி செய்து தருகிறது.

இனி ஃபோல்டர்கள். ஜாங்கோவிடம் புதிய திட்டம் தொடங்கச் சொன்னால் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் ஒன்றுக்குள் ஒன்றாக உருவாகும். தொடக்கநிலையாளர்கள் எல்லோரும் ஒருமுறை முழிக்கும் இடம் இது. வெளியே உள்ளது வெறும் உறை. அதன் பெயரை மாற்றினாலும் ஒன்றும் ஆகாது. உள்ளே உள்ளது பைத்தான் தொகுப்பு. அமைப்புகளும் முகவரிப் பட்டியலும் அதில் இருக்கின்றன, அதன் பெயரைத் தொடக் கூடாது. 2012 மார்ச்சில் வந்த 1.4 பதிப்பில்தான் இந்த ஒழுங்கு வந்தது. ஜாங்கோ கட்டளைகளை ஓட்டும் ‘மேனேஜ்’ கோப்பு அதுவரை உள்ளே கிடந்தது. ஒரே தொகுப்பை இரண்டு விதமாக இறக்குமதி செய்ய முடிந்ததால் விநோதமான பிழைகள் வந்தன. உள் ஃபோல்டருக்கு ‘கான்ஃபிக்’ என்று பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பலரிடம் உண்டு. குழப்பம் பாதி குறையும்.

அதற்குப் பக்கத்தில் ‘ஆப்’ என்று ஜாங்கோ அழைக்கும் உட்பிரிவுகள். அணைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என்று முதல் நாளே நான்காகப் பிரிக்கத் தோன்றும். வேண்டாம். இந்த அளவுத் தளத்துக்கு ஒரே ஆப் போதும். அணை அளவையும் மழையளவையும் ஒரே பக்கத்தில்தான் காட்டப்போகிறார்கள். இரண்டாகப் பிரித்தால் ஒன்று மற்றொன்றை இறக்குமதி செய்துகொண்டே இருக்கும். பழைய அளவுகளை அட்டவணைக் கோப்பிலிருந்து படித்து ஏற்றும் நிரலையும் வீட்டுத் திண்ணையில் போட்டதுபோல வெளியே விடாமல், ‘மேனேஜ்மென்ட் கமாண்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் வைத்தால் ஜாங்கோவின் கட்டளைகளோடு கட்டளையாக அது சேர்ந்துவிடும்.

அந்த ஏற்றும் நிரலில் ஒரு கண்ணி உண்டு. தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பை, எந்தக் குறியாக்கம் என்று சொல்லாமல் திறந்தால் லினக்ஸில் சரியாக ஓடும், விண்டோஸில் விழும். நம் ஊர் விண்டோஸ் கணினிகளில் பைத்தான் பெரும்பாலும் பழைய மேற்கத்திய குறியாக்கமான 1252ஐ எடுத்துக்கொள்கிறது. யூடிஎஃப்-8இல் தமிழின் புள்ளி மூன்று பைட்டுகளாக எழுதப்படும். அதில் கடைசிப் பைட்டுக்கு 1252இல் இடமே ஒதுக்கப்படவில்லை. ஆகவே பேச்சிப்பாறையின் முதல் ‘ச்’ வந்ததும் நிரல் நின்றுவிடும். புள்ளியோ அப்படி இடமில்லாத வேறு பைட்டோ இல்லாத பெயராக இருந்தால் இன்னும் மோசம்: நிற்காமல் குப்பை எழுத்துகளைத் தரவுத்தளத்தில் கொட்டிவிட்டுப் போகும். கோப்பைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் தீர்ந்தது.

செட்டிங்ஸ் கோப்பில் முதலில் மாற்ற வேண்டியது நேரம். புதிய திட்டத்தில் யூடிசி என்று இருக்கும். அதை ஏசியா/கொல்கத்தா ஆக்க வேண்டும். மழை கொட்டும் நாளில் நள்ளிரவிலும் அணையின் அளவு எடுப்பார்கள். அதிகாலை இரண்டு மணிக்குப் பதியும் அளவு, யூடிசி கணக்கில் முந்தைய நாளின் இரவு எட்டரை. தேதிவாரியான தளத்தில் இது சின்னத் தவறல்ல. மொழியைத் தமிழுக்கு மாற்றும் வசதியும் ஜாங்கோவில் இருக்கிறது. ஆனால் மொழிபெயர்ப்பு முழுமையாக இல்லை. நிர்வாகப் பக்கம் பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக வரும். நேரமிருக்கும் மாணவர்கள் கைவைக்கலாம்.

அடுத்தது ரகசியங்கள். திட்டம் தொடங்கும்போதே ஜாங்கோ ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி அதே கோப்பில் எழுதிவைக்கிறது. 3.2 பதிப்பிலிருந்து அதன் முன்னொட்டாகப் பாதுகாப்பற்றது என்ற பொருளில் ‘ஜாங்கோ-இன்செக்யூர்’ என்று சேர்த்துவிட்டார்கள். அவ்வளவு பேர் அதை அப்படியே வெளியிட்டிருக்கிறார்கள். சாவி, கடவுச்சொல், தரவுத்தள முகவரி ஆகியவை நிரலுக்குள் இருக்கக் கூடாது, இயங்கும் சூழலிலிருந்து வர வேண்டும் என்ற விதியை 2011 வாக்கில் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் எழுதிய பன்னிரு விதிகளில் காணலாம். கோணம் லேப்டாப்பில் அவற்றை வைத்திருக்கும் ஒரு ‘என்வ்’ கோப்பு, குழித்துறை லேப்டாப்பில் வேறொன்று. இரண்டுமே, நிரலைச் சேமித்துப் பகிரும் ‘கிட்’டுக்குள் போகக் கூடாது. போக வேண்டியது, மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு மட்டும்.

பிழைதிருத்த நிலை என்ற இன்னொரு சுவிட்சும் அங்கேதான் இருக்கிறது. உருவாக்கும்போது அது திறந்திருக்க வேண்டும். வெளியுலகுக்குத் தெரியும் கணினியில் மூடியிருக்க வேண்டும். பேட்ரியன் நிறுவனத்துக்கு 2015இல் நேர்ந்தது இதற்கு உதாரணம். கலைஞர்களுக்கு ரசிகர்கள் பணம் அனுப்பும் தளம் அது. அதன் சோதனைக் கணினி ஒன்று இணையத்தில் எல்லோருக்கும் எட்டும்படி கிடந்தது. அதில் வெர்க்சாய்க் என்ற பைத்தான் நூலகத்தின் பிழைதிருத்தி திறந்திருந்தது. பிழைப் பக்கத்திலேயே பைத்தான் கட்டளை தட்டி ஓட்ட முடிகிற கருவி அது. நிரலாளருக்கு வரம், வெளியாளுக்கும் அதே வரம். இருபது லட்சத்துக்கும் மேலான மின்னஞ்சல் முகவரிகள் வெளியே போயின. ஜாங்கோவின் பிழைப் பக்கம் கட்டளை ஓட்ட விடாது. ஆனால் கோப்புப் பாதைகளையும் அமைப்புகளில் பெரும்பகுதியையும் விரித்துக் காட்டிவிடும்.

தரவு எப்படி இருக்கப்போகிறது என்று இங்கேயே முடிவுசெய்ய வேண்டும். அணைக்கு ஓர் அட்டவணை, அன்றாட அளவுக்கு ஓர் அட்டவணை. முழு மட்டம்: பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77, சிற்றாறு இரண்டுக்கும் 18, பொய்கை 42.65, மாம்பழத்துறையாறு 54.12, முக்கடல் 25. புள்ளிக்குப் பின்வரும் இலக்கங்களுக்காக, அளவுகளை மிதவை எண்ணாக வைக்காமல் தசம எண்ணாக வைக்க வேண்டும். பைத்தானின் மிதவை எண்ணில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் துல்லியமாக 0.3 வராது. நேர்மறை எண் மட்டுமே வரலாம் என்ற கட்டுப்பாட்டையும் போட்டுவிடக் கூடாது. நாகர்கோவிலுக்குக் குடிநீர் தரும் முக்கடல் அணையின் அளவு கோடையில் மைனஸ் என்று செய்தியில் வரும். பூஜ்யக் குறிக்குக் கீழேயும் தண்ணீர் எடுக்கிறார்கள். இது எந்தக் கையேட்டிலும் இல்லாத விவரம். நாகர்கோவிலில் தண்ணீர் பிடித்தவருக்குத் தெரியும்.

அட்டவணையின் வடிவம் மாறும்போதெல்லாம் ‘மைக்ரேஷன்’ கோப்பு ஒன்று உருவாகும். ஆண்ட்ரூ காட்வின் எழுதி, 2014இல் 1.7 பதிப்பில் ஜாங்கோவுக்குள்ளேயே சேர்ந்த வசதி இது. தானாக உருவானதுதானே என்று அதைக் கிட்டில் சேர்க்காமல் விடுபவர்கள் உண்டு. அதைத்தான் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்கக் கூடாதது எஸ்க்யூலைட் தரவுத்தளக் கோப்பு. அது அவரவர் கணினியில் அவரவர் சோதனைக்கு உரியது.

இவ்வளவும் சரியாக அமைந்ததா என்பதை நண்பனின் விண்டோஸில்தான் பார்க்க வேண்டும். கிட்டிலிருந்து எடுக்கிறான், சூழல் அமைக்கிறான், பட்டியலை நிறுவுகிறான், மாதிரிக் கோப்பைப் பார்த்துத் தன் என்வ் கோப்பை எழுதுகிறான், மைக்ரேஷனை ஓட்டுகிறான், பழைய அளவுகளை ஏற்றுகிறான். இந்த ஆறும் ‘ரீட்மீ’ கோப்பில் இதே வரிசையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இடையில் ஒருமுறையாவது கோணத்துக்குப் போன் போட நேர்ந்தால் அந்தக் கேள்வியின் பதில் ரீட்மீயில் விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிட வேண்டும்.

கடைசியாக ‘ரன்சர்வர்’ கட்டளை. உலாவியில் 127.0.0.1, வாசல் எண் 8000 என்று தட்டினால் தளம் திறக்கும். இந்த சர்வர் உருவாக்கும் வேலைக்கு மட்டுமே என்று ஜாங்கோ ஆவணமே எச்சரிக்கிறது. தோவாளையில் ஒருவர் போனில் திறந்து பார்க்க இது உதவாது. அதற்கு குனிகார்ன் போன்ற வேறொரு சர்வர் வேண்டும். அதற்கும் ஜாங்கோவுக்கும் நடுவே டபிள்யூஎஸ்ஜிஐ என்று 2003இல் வகுக்கப்பட்ட ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. அது அடுத்த வாரம்.