இதயத் துடிப்பில் எரியும் விளக்கு

அந்தி சாய்ந்ததும் வீட்டில் விளக்கு ஏற்றுகிறோம். அதன் பின்னர் அதை நாம் நினைப்பதில்லை. புத்தகம் தெரிகிறது, குழந்தைகளின் முகம் தெரிகிறது, முறத்தில் கிடக்கும் அரிசியில் கல் தெரிகிறது. விளக்கை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. மற்றவற்றை எல்லாம் காட்டிவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பதே வெளிச்சத்தின் இயல்பு. அந்த வெளிச்சத்தையே நடுக்கூடத்தில் நிறுத்தி, "நீ யார் சொற்படி நடக்கிறாய்?" என்று கேட்டவர் ஒரு கலைஞர். அவர் பெயர் ரஃபேல் லோஸானோ ஹெம்மர்.

1967-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ நகரத்தில் பிறந்தவர் அவர். பெற்றோர் அந்நகரில் இரவுக் கேளிக்கை விடுதிகள் நடத்தியவர்கள். மகனோ கனடா தேசத்து மான்ட்ரியால் நகரிலுள்ள கன்கார்டியா சர்வகலாசாலையில் பௌதிக ரசாயனம் பயின்று, 1989-இல் பட்டம் பெற்றார். ரசாயனம் படித்தவர் கலைஞரானது எப்படி என்று நேயர்கள் வியக்கலாம். அவருடைய படைப்புகளைப் பார்த்தால் அந்த வியப்பு நீங்கிவிடும். அவை கணிப்பொறி, உணர்கருவி, மின்விளக்கு ஆகியவற்றால் ஆனவை. ஆயினும் அவற்றுள் எதுவும் தானாகப் பூர்த்தியாவதில்லை. யாரேனும் ஒருவர் வந்து தொடவேண்டும், பேசவேண்டும், அசையவேண்டும். அதுவரையில் அது பாதிப் படைப்புத்தான்.

2006-இல் அவர் ஆக்கிய 'நாடித் துடிப்பு அறை' என்பதை எடுத்துக்கொள்வோம். இருண்ட கூடம் ஒன்றில், பழைய வீடுகளில் நாம் கண்ட இழை பல்புகளைப் போன்றவை, முந்நூறு வரையில் வரிசை வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறது. அதைப் பிடித்தவுடன் கருவி நம் நாடியை அறிகிறது. அருகிலுள்ள பல்பு நம் இதயம் துடிக்கும் அதே தாளத்தில் மின்னுகிறது. கையை எடுத்ததும் கூடம் முழுவதும் ஒரு கணம் இருள்கிறது. பிறகு நமது துடிப்பு வரிசையின் முதல் பல்பில் போய் அமர்கிறது. நமக்கு முன் வந்தவர்களின் துடிப்புகள் ஒவ்வோர் இடம் நகர்ந்து செல்கின்றன. கடைசிப் பல்பில் இருந்தவருடைய துடிப்பு அணைந்து போகிறது. இப்படியே, நமக்குப் பின் போதிய பேர் வந்ததும், நம்முடையதும் அணைந்துவிடும்.

முகம் அறியாத மனிதர் பலருடைய உயிர்த் துடிப்பு தலைக்குமேல் மின்ன, அதன் கீழ் நிற்கும்போது நிலையாமையைப் பற்றி யாரும் உபதேசம் செய்யத் தேவையில்லை. 1960-இல் வெளிவந்த 'மக்காரியோ' என்னும் மெக்ஸிகோ திரைப்படம் இதற்குத் தூண்டுகோலாக இருந்தது. ஒரு குகையில் எண்ணற்ற மெழுகுவர்த்திகள் எரிய, ஒவ்வொன்றும் ஒரு மனிதனுடைய ஆயுள் என்பதை ஏழை விறகுவெட்டி ஒருவன் காணும் காட்சி அதில் வருகிறது.

கூடத்துக்குள் எரியும் விளக்கு மனிதனைத் தன்னுள் நோக்கச் செய்கிறது. அதே விளக்கைப் பொதுவிடத்தில், வானளாவ ஏற்றினால் என்ன ஆகும்? இங்கேதான் ஒரு கசப்பான சரித்திரத்தை நினைவுகூர வேண்டியிருக்கிறது. 1930-களில் ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் ஹிட்லருடைய கட்சி மாநாடுகள் நடந்தபோது, ஆல்பெர்ட் ஸ்பீயர் என்னும் கட்டடக் கலைஞர், பகை விமானங்களைத் தேடுவதற்கான ஸர்ச்லைட்டுகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை மைதானத்தைச் சுற்றி நிறுத்தி, ஒளியாலேயே ஓர் ஆலயம் எழுப்பினார். கண்டவர் மெய்ம்மறந்தனர். ஆனால் அந்த ஆலயத்தில் மனிதன் எறும்பானான். ஆயிரமாயிரம் பேர் கூடியிருந்தும், விளக்கு ஒருவன் கட்டளைக்கே பணிந்தது.

லோஸானோ ஹெம்மர் கையாள்வதும் அதே ஸர்ச்லைட்டுத்தான். ஆனால் விசை வேறு கையில் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு முடிந்து 2000 பிறந்தபோது, மெக்ஸிகோ நகரின் ஸோகாலோ என்னும் பெரிய சதுக்கத்தைச் சுற்றி அவர் பதினெட்டு ஸர்ச்லைட்டுகளை அமைத்தார். அவற்றை எந்தத் திசையில் திருப்புவது என்பதை எந்தத் தேசத்தாரும் இணையத்தின் மூலம் தீர்மானிக்கலாம் என்று வைத்தார். அரண்மனையும் பேராலயமும் நிற்கும் அந்தச் சதுக்கத்தின் வானத்தில், எங்கோ ஒரு வீட்டில் அமர்ந்திருந்த சாமானியர் வரைந்த கோலம் ஒளியாக நின்றது.

இதை வெறும் வேடிக்கை என்று சொல்பவர்களும் இருக்கலாம். அவர்கள் 2008-இல் நடந்ததைக் கேட்கவேண்டும். 1968 அக்டோபர் 2-ஆம் தேதி, ஒலிம்பிக் பந்தயம் தொடங்கப் பத்தே நாட்கள் இருக்கையில், மெக்ஸிகோ நகரின் ட்லாடெலோல்கோ சதுக்கத்தில் கூடிய மாணவர்களை அரசாங்கத்தின் படையினர் சுட்டு வீழ்த்தினர். நாற்பது ஆண்டுகள் கழித்து, ரத்தம் சிந்திய அந்த இடத்திலேயே லோஸானோ ஹெம்மர் ஓர் ஒலிபெருக்கிக் குழலை வைத்தார். யார் வேண்டுமானாலும் அதில் பேசலாம், தணிக்கை கிடையாது. பேசுவோர் குரல் ஓங்கினால் பத்துக் கிலோவாட் விளக்கு பிரகாசமாகும்; தாழ்ந்தால் மங்கும்; மௌனமானால் அணையும். அந்தக் குரலை வானொலியிலும் கேட்கலாம். ஆகவே தொலைவில் வானத்தில் மினுக்கும் ஒளியைக் கண்டவர், 'யாரோ பேசுகிறார்கள்' என்று அறிந்து, பெட்டியைத் திருப்பிக் கேட்டார். ஒரு காலத்தில் வாயடைக்கப்பட்ட பேச்சு நகரத்தின் வானத்தில் எழுதப்பட்டது. சுதந்திரம் என்ற சொல்லுக்கு இதைவிடக் கண்கூடான பொருள் வேண்டுமா?

2019 நவம்பரில் அவர் எல்லைக்குச் சென்றார். அமெரிக்காவின் எல் பாஸோ நகரும் மெக்ஸிகோவின் ஸியுதாத் ஹுவாரெஸ் நகரும் ஒரே ஆற்றின் இரு கரைகள். நடுவே வேலியும் காவலும். அதே ஆண்டு ஆகஸ்டில்தான், லத்தீன் வம்சத்தாரைக் குறிவைத்து வந்த ஒருவன் எல் பாஸோவில் துப்பாக்கியால் சுட்டு இருபத்து மூன்று பேர் மாண்டனர். அந்தத் துக்கம் ஆறுமுன், இரு கரையிலும் மும்மூன்று இடங்களில் ஒலிவாங்கியும், கையால் திருப்பும் பெரிய சக்கரமும் வைக்கப்பட்டன. சக்கரத்தைத் திருப்பினால் ஒளிக்கற்றை வானத்தில் நகரும். இக்கரையின் ஒளியும் அக்கரையின் ஒளியும் வானில் ஒன்றையொன்று தொட்டவுடன், இரு கரையிலும் நிற்பவர்கள் பேசிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டுபவரைத் தேடிப் பிடிக்கும் கருவி, எல்லைக்கு அப்பால் இருப்பவரை "சௌக்கியமா?" என்று விசாரிக்கும் கருவியாயிற்று.

ஒன்றை மறைக்கலாகாது. நாடியைப் படிக்கும் கருவி வேவு பார்க்கவும் உதவும். வானைத் துழாவும் விளக்கு நாளையே காவற்கோபுரத்துக்குத் திரும்பிவிடும். இந்தப் படைப்புகளால் ஒரு வேலியும் இடிந்ததில்லை. இறந்த மாணவர்கள் மீண்டதில்லை. காட்சி முடிந்ததும் விளக்குகளைக் கழற்றி எடுத்துச் சென்றார்கள். ஆனால் கருவிக்குத் தனியாக ஒரு குணம் இல்லை என்பதையும், அதை ஏவும் கை எது என்பதே கேள்வி என்பதையும் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள்.

நம் வீதிகளிலும் விழா மைதானங்களிலும் ஆண்டுதோறும் விளக்குகள் பெருகிக்கொண்டே போகின்றன. அடுத்த முறை அப்படி ஒரு பேரொளியின் முன் குழந்தைகளுடன் நிற்க நேர்ந்தால், எத்தனை விளக்குகள் என்று எண்ணுவதோடு நின்றுவிட வேண்டாம். அந்த ஒளியில் நாம் பெரியவர்களாகிறோமா, சிறியவர்களாகிறோமா என்றும் கேட்டுப் பார்ப்போம். குழந்தைகள் சரியான விடையைச் சொல்லிவிடுவார்கள்.