பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்த பண்டிகை

ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் காலை நிகழ்ச்சியில் ஓர் அங்கம் உண்டு. பிள்ளைகள் தொலைபேசியில் அழைப்பார்கள். "தீபாவளி ஏன் கொண்டாடுறோம், சொல்லுங்கம்மா" என்று கேட்பேன். ஒரு நொடி மௌனம். பிறகு, பின்னால் யாரோ கிசுகிசுப்பது என் ஹெட்ஃபோனில் தெளிவாகக் கேட்கும்: "நரகாசுரன்னு சொல்லு... நரகாசுரன்." பெரும்பாலும் அது பாட்டியின் குரலாகத்தான் இருக்கும். பிள்ளை அதை அப்படியே ஒப்பிக்கும். நானும் எதுவும் காதில் விழாததுபோல் பாராட்டிவிட்டுப் பாட்டைப் போட்டுவிடுவேன்.

பண்டிகை எந்த நாட்டிலும் இப்படித்தான் கைமாறும், மூத்தவர் சொல்ல இளையவர் கேட்டுக்கொள்வார் என்றுதான் நினைத்திருந்தேன். ரஷ்ய மொழி பேசும் யூதக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்த நினைப்பு மாறியது. 1990களில் இஸ்ரேலில் குடியேறிய எத்தனையோ வீடுகளில் கிசுகிசுத்தது பிள்ளை. பதில் தெரியாமல் விழித்தவர் பாட்டி.

நான்கு கேள்விகள்

யூதர்களின் பண்டிகைகளில் பெசாக் முக்கியமானது. எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர், மோசேயின் தலைமையில் விடுதலை பெற்று வெளியேறிய கதையை நினைவுகூரும் நாள். அன்றிரவு குடும்பம் ஒன்றாக அமர்ந்து உண்ணும் சடங்கு விருந்துக்கு செடர் என்று பெயர். அவசரமாகப் புறப்பட்டதால் மாவு புளிக்க நேரமில்லை என்பதை நினைவூட்ட, மாட்சா எனும் புளிக்காத அப்பம் மேசையில் இருக்கும். அடிமை வாழ்வின் கசப்புக்கு ஒரு கசப்புக் கீரை, கண்ணீருக்கு உப்புநீர்.

அந்த விருந்தில் கதை சொல்லல் தொடங்குவதே ஒரு குழந்தையின் வாயால்தான். வீட்டின் கடைக்குட்டி எழுந்து நான்கு கேள்விகளைப் பாட வேண்டும். இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்பதுதான் அவற்றின் சாரம். பெரியவர்கள் ஹகாடா எனும் நூலைப் படித்துப் பதில் சொல்வார்கள். அந்த நூலில் நான்கு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள்: அறிவாளி, எதிர்த்துப் பேசுபவன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். நான்காமவன் கேட்கும்வரை காத்திருக்காதே, நீயே பேச்சைத் தொடங்கு என்கிறது நூல்.

சோவியத் நாட்டில் வளர்ந்த மூன்று தலைமுறை யூதர்கள் அந்த நான்காவது பிள்ளையின் நிலையில்தான் இருந்தார்கள். அவர்களிடம் பேச்சைத் தொடங்கவும் ஆளில்லை.

தாளில் இருந்தது, வீட்டில் இல்லை

நம் வாட்டர்லூ ஸ்திரீட்டில் 1878ல் கட்டிய யூத ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். கிருஷ்ணன் கோயிலும் குவான் இம் கோயிலும் இருக்கும் அதே சாலைதான். அதைக் கட்டிய சமூகத்தின் வேர் பாக்தாத்தில். அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. சோவியத் யூதர்களின் கதை வேறு.

1917 புரட்சிக்குப் பிறகு எல்லா மதங்கள்மீதும் அரசின் பிடி இறுகியது. 1918ல் கம்யூனிஸ்ட் கட்சிக்குள்ளேயே யூதப் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது. யூத மதப் பள்ளிகளை மூடும் வேலையை யூதர்களைக் கொண்டே செய்வித்தார்கள். சிறுவர்களைக் கூட்டிவைத்து மதம் கற்பிப்பது குற்றமானது. எபிரேய மொழி வகுப்புகள் மறைந்தன.

ஆனால் 'யூதர்' என்ற முத்திரை மட்டும் மறையவில்லை. 1932ல் உள்நாட்டுக் கடவுச்சீட்டு வந்தது. அதன் ஐந்தாவது வரியில் இனம் குறிக்கப்பட்டது. அந்த ஒரு சொல் போதும், பல்கலைக்கழக இடமும் நல்ல வேலையும் கைநழுவ. பண்டிகை தெரியாது, மொழி தெரியாது, வழிபாடு தெரியாது. யூதர் என்பதற்காகக் கிடைத்த தடைகள் மட்டும் தெரியும்.

இருந்தும் சிறு பொறிகள் அணையாமல் இருந்தன. 1948 அக்டோபரில், இஸ்ரேலின் முதல் தூதராக மாஸ்கோ சென்ற கோல்டா மெயர், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா அன்று அங்குள்ள ஆலயத்துக்குப் போனார். தெருவை அடைத்துக்கொண்டு பல்லாயிரம் பேர் திரண்டார்கள். 1960களின் தொடக்கத்தில் மாட்சா தயாரிப்புக்கு அரசு தடை போட்டது. மக்கள் வீட்டிலேயே ரகசியமாகச் சுட்டார்கள். இரவோடு இரவாகத் தலையணை உறையில் மறைத்து எடுத்துவந்ததைப் பலர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எந்த நாளில் அதை உண்ண வேண்டும், எதற்காக உண்ண வேண்டும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. பள்ளியில் உளறிவிட்டால் என்ன ஆவது?

கற்பித்தவர்கள் விலை கொடுத்தார்கள். மாஸ்கோவில் ரகசியமாக எபிரேயம் சொல்லிக்கொடுத்த யூலி எடல்ஸ்டைன் 1984ல் கைதானார். போதைப்பொருள் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டி மூன்றாண்டு தண்டனை கொடுத்தார்கள். பிற்காலத்தில், 2013ல், அவர் இஸ்ரேலிய நாடாளுமன்றத்தின் நாயகரானார்.

செப்டம்பர் மாத வெள்ளம்

1980களின் இறுதியில் கதவு திறந்தது. 1990ல் மட்டும் சுமார் 185,000 பேர் சோவியத் நாட்டிலிருந்து இஸ்ரேல் வந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அந்த எண்ணிக்கை ஒரு மில்லியனை நெருங்கியது. அப்போது இஸ்ரேலின் மொத்த மக்கள்தொகையே ஏறத்தாழ நாலரை மில்லியன்தான். வந்தவர்களில் பொறியாளர்கள், மருத்துவர்கள், இசைக் கலைஞர்கள் ஏராளம். நேற்றுவரை பாலம் வடிவமைத்தவர் இன்று தெருக் கூட்டினார். வீட்டில் தாத்தா, பாட்டியும் உடன் இருந்தார்கள்.

இரு நாட்டிலும் பள்ளி திறப்பது செப்டம்பர் 1ஆம் தேதி. சோவியத் வழக்கப்படி பிள்ளைகள் வெள்ளை ரிப்பன் கட்டி, ஆசிரியருக்குப் பூங்கொத்துடன் போனார்கள். அங்கே ஆசிரியர் செருப்பும் சாதாரண உடையுமாக நின்றார். அந்த வியப்பு அடங்குவதற்குள் பண்டிகைகள் வரிசைகட்டி வந்தன. ரோஷ் ஹஷானாவுக்குத் தேனில் தோய்த்த ஆப்பிள். பத்தாம் நாள் யோம் கிப்பூர், நாடே நோன்பில் அடங்கி, வாகனமற்ற சாலைகளில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டும் நாள். ஐந்து நாள் கழித்து சுக்கோத், கீற்றுக் கூரை போட்ட பந்தலில் அமர்ந்து உண்ணும் விழா. அது முடிந்ததும் திருமறைச் சுருளை ஏந்தி ஆடும் சிம்ஹாத் தோரா. எல்லாம் ஒரே மாதத்துக்குள்.

பெரியவர்களுக்கு உல்பான் எனும் மொழி வகுப்பு இருந்தது. ஐந்து மாதம் எபிரேயம் படிக்கலாம். 1991ல் புதுக் குடியேறிகளுக்கென்றே 'ரேக்கா' வானொலி தொடங்கப்பட்டு ரஷ்ய மொழியில் பேசியது. ஒரு காலத்தில் சிற்றலையில், அரசு எழுப்பிய இரைச்சலுக்கு நடுவே இஸ்ரேலிய ஒலிபரப்பை ஒட்டுக்கேட்டவர்கள் இப்போது சமையலறையில் சத்தமாக வைத்துக் கேட்டார்கள். வானொலிக்காரியான எனக்கு இந்தக் காட்சியை நினைத்தாலே மகிழ்ச்சி.

ஆனாலும் உண்மையான வகுப்பறை பாலர் பள்ளிதான். இஸ்ரேலியப் பாலர் பள்ளிகளில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிறுமி 'சப்பாத் அம்மா', ஒரு சிறுவன் 'சப்பாத் அப்பா'. மேசை விரித்து, மெழுகுவத்தி வைத்து, பின்னல் ரொட்டியைப் பகிர்ந்து ஓய்வுநாளை வரவேற்பார்கள். ஹனுக்காவுக்குக் களிமண்ணில் எட்டு நாள் விளக்கு செய்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பூரிம் நாளில் மாறுவேடம். பெசாக் வருமுன் தாங்களே வண்ணமிட்ட ஹகாடா.

அந்தக் களிமண் விளக்கு வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வது? முதல் நாள் எத்தனை திரி, எந்தப் பக்கத்திலிருந்து ஏற்றுவது என்று ஐந்து வயதுப் பிள்ளைதான் சொன்னது. பாட்டி தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எழுபது வயதில் அவர் ஏற்றிய முதல் ஹனுக்கா விளக்கு அது.

இஸ்ரேலுக்கு வெளியே இது இன்னும் கடினம். நியூயார்க்கின் பிரைட்டன் பீச்சில் 1970களிலிருந்தே 'குட்டி ஒடெசா' உருவானது. ஜெர்மனியும் 1991 முதல் சோவியத் யூதர்களை ஏற்றது. அங்கெல்லாம் தெருவும் நாட்காட்டியும் பாடம் நடத்தவில்லை. ஞாயிறு வகுப்பும் சமூக நிலையமும்தான் அந்த வேலையைச் செய்தன.

பாட்டியின் மரம்

பிள்ளை பாட்டிக்குக் கற்றுக்கொடுப்பது கேட்க இனிமையாக இருக்கிறது. அதில் ஒரு முள்ளும் உண்டு. கற்றுக்கொடுக்கும் பிள்ளை, பாட்டிக்கு ஒன்றுமே தெரியாது என்று எண்ணத் தொடங்கிவிடும்.

இந்த முள் அதிகம் குத்தியது டிசம்பர் 31 இரவில். சோவியத் நாட்டில் கிறிஸ்மஸ் மரத்தை 1920களின் இறுதியில் விரட்டினார்கள். 1935 இறுதியில் அதையே மதமில்லாத புத்தாண்டு மரமாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உச்சியில் சிவப்பு நட்சத்திரம். நோவி கோத் எனும் அந்தப் புத்தாண்டில் கடவுளும் இல்லை, கட்சி ஊர்வலமும் இல்லை. மாண்டரின் ஆரஞ்சு, ஓலிவியே சாலட், பரிசு கொண்டுவரும் பனித் தாத்தா, நள்ளிரவு மணி. யூதர்கள் பயமில்லாமல் கொண்டாடிய குடும்ப விழா என்றால் இதுதான்.

இஸ்ரேலில் அதே மரத்தைப் பார்த்த அண்டை வீட்டார் முகம் சுளித்தார்கள். யூதர் வீட்டில் கிறிஸ்மஸ் மரமா? பள்ளியில் கேலி. பிள்ளை வீட்டுக்கு வந்து, மரத்தை ஜன்னல் ஓரத்திலிருந்து நகர்த்தச் சொன்னது. ஒருகாலத்தில் மாட்சாவை மறைத்த பாட்டி இப்போது மரத்தை மறைத்தார்.

சிறுவயதில் வந்து வளர்ந்த தலைமுறை இதற்கு ஒரு வழி கண்டது. 2015 இறுதியில், முப்பதை ஒட்டிய வயதிலிருந்த சிலர், எபிரேயம் பேசும் நண்பர்களைத் தங்கள் நோவி கோத் விருந்துக்கு வெளிப்படையாக அழைக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். வாருங்கள், சாலட் சாப்பிடுங்கள், எங்கள் பாட்டியிடம் கதை கேளுங்கள். விளக்கம் கொடுப்பது இப்போது வந்தவர்களின் முறை.

பாடம் முடிந்தும் தீராதது

இன்னொரு வலியும் உண்டு. 1970ல் திருத்தப்பட்ட சட்டப்படி, தாத்தா பாட்டியில் ஒருவர் யூதராக இருந்தாலே இஸ்ரேலில் குடியேறலாம். சமய விதியோ தாய் யூதராக இருக்க வேண்டும் என்கிறது. அங்கே யூதர்களின் திருமணம் சமய அமைப்பின் கையில் இருக்கிறது, பதிவுத் திருமணம் இல்லை. ஆகவே பாலர் பள்ளியில் 'சப்பாத் அம்மா'வாக மெழுகுவத்தி ஏற்றிய சிறுமி, இருபத்தைந்து வயதில் திருமணம் பதியப் போகும்போது, நீ யூதர் இல்லை என்ற பதிலைக் கேட்க நேர்கிறது. பலர் சைப்ரஸுக்குப் பறந்து மணம் முடித்துத் திரும்புகிறார்கள். சோவியத் தாளில் தாத்தா யூதர். இஸ்ரேலியத் தாளில் பேத்தி யூதர் இல்லை. பண்டிகையைக் கற்றுக்கொள்வது ஒன்று, அது உன்னுடையது என்று பிறர் ஒப்புக்கொள்வது வேறொன்று.

கேள்வி திரும்பிய நாள்

இஸ்ரேலியப் பள்ளிகளில் ஏறத்தாழ பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் செய்யும் ஒரு பாடப்பணி உண்டு. அதற்கு 'வேர்கள்' என்று பொருள்படும் பெயர். குடும்பப் படங்களைத் திரட்டி, மூத்தவர்களை நேர்காணல் செய்து, கதையை எழுதி ஒப்படைக்க வேண்டும்.

எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். ஏழு ஆண்டு பாட்டிக்குப் பாடம் நடத்திய பிள்ளை, தாளும் பேனாவுமாக அவர் எதிரில் உட்கார்ந்து முதல்முறை கேள்வி கேட்கிறது. அப்போதுதான் தலையணை உறைக்குள் இருந்த மாட்சா வெளியே வருகிறது. அலமாரிப் பெட்டியில் கிடக்கும் தாத்தாவின் பதக்கங்களும் வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ அரை மில்லியன் யூதர்கள் செஞ்சேனையில் போரிட்டார்கள். மே 9 வெற்றி நாள் அவர்கள் கையோடு கொண்டுவந்த இன்னொரு விழா. இஸ்ரேலியர் பலருக்கு அது தெரியாமல்தான் இருந்தது. 2017ல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதற்கும் சட்டப்படி இடம் கொடுத்தது. தாத்தாக்களிடமிருந்து நாடே ஒரு நாளைக் கற்றுக்கொண்டது.

அந்த மேசையில் எல்லாம் பழைய ஒழுங்குக்கு வந்துவிட்டது. சின்னவர் கேட்கிறார், பெரியவர் சொல்கிறார். செடர் இரவு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கேட்பதும் அதைத்தான். பாட்டிக்குப் பண்டிகையின் விதிமுறைகள் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தப் பண்டிகை சொல்லும் அடிமைத்தனமும் வெளியேற்றமும் அவர் வாழ்ந்து பார்த்தவை. அதை எந்தப் பாலர் பள்ளியாலும் கற்றுக்கொடுக்க முடியாது.

இந்தத் தீபாவளிக்கும் தொலைபேசிகள் ஒலிக்கும். பின்னாலிருந்து கிசுகிசுப்பும் கேட்கும். இந்தமுறை காதில் விழாததுபோல் இருக்கமாட்டேன். "தொலைபேசியைப் பாட்டிகிட்டே கொடும்மா" என்று சொல்லப்போகிறேன். நரகாசுரன் கதை புத்தகத்தில் இருக்கிறது. பாட்டியின் முதல் தீபாவளி எப்படி இருந்தது என்பதைப் பாட்டிதானே சொல்ல வேண்டும்?