புரொஜெக்டரில் படம் ஓடவில்லையா?

பொங்கல் விழா, தமிழ் வகுப்பின் ஆண்டு விழா, குடும்பத் திருமணம் என எந்நிகழ்ச்சியாயினும், ஊரிலுள்ள பெரியவர்களின் வாழ்த்தைக் கைபேசியில் படமாக்கி வரவழைத்து, மண்டபத்துத் திரையில் காட்டுவது வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்களில் இன்று வழக்கமாகியுள்ளது. நெடும்பயணம் இயலாத பாட்டனாரைப் பேரப்பிள்ளைகள் அவ்வாறேனும் கண்டு மகிழ்கின்றனர். ஆயினும், பென்டிரைவைப் புரொஜெக்டரில் செருகியதும் படம் வர மறுப்பதும், படம் வந்து குரல் வராதிருப்பதும் பல மண்டபங்களில் நிகழ்கின்றன. அவ்வேளையில் பதற்றத்தால் செய்யும் காரியங்களே பெருநட்டம் விளைவிக்கின்றன. ஆதலின், இதன் காரணங்களையும் பரிகாரங்களையும் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கைபேசியில் ஓடிய படம் புரொஜெக்டரில் ஓடாவிடின், படம் கெட்டுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. எம்பி4 என்பது ஒரு கடித உறையைப் போன்றது. உறையைப் பார்த்த மாத்திரத்தில், உள்ளிருக்கும் கடிதம் தமிழிலா, இந்தியிலா, வங்கத்திலா என்று கூறிவிட இயலுமோ? கைபேசியும் கணினியும் பல மொழி கற்ற பண்டிதர்கள். புரொஜெக்டரினுள் அமைந்த சிறு கருவியோ இரண்டொரு மொழியே அறிந்தது. கோடெக் எனப்படும் குறியாக்க முறையே இங்கு நாம் கூறும் மொழி.

2003ஆம் ஆண்டில் வந்த ஹெச்.264 என்னும் முறையைப் படம் காட்டும் புரொஜெக்டர்களுள் பெரும்பாலானவை அறியும். 2013இல் வந்த ஹெச்.265, அதாவது ஹெச்இவிசி, குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருவது. ஆயின் பழைய கருவிகள் பல அதனை அறியா. 2017 முதல் ஐபோன்கள் இம்முறையிலேயே படமெடுக்க வல்லன. அக்கைபேசியின் கேமரா அமைப்பில் ‘மோஸ்ட் கம்பாட்டிபிள்’ என்பதைத் தெரிந்தெடுத்துப் படமெடுக்குமாறு ஊரிலுள்ளோர்க்கு முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம். 4கே அளவில் எடுத்த படத்தையும் சில கருவிகள் தாங்கமாட்டா. 1920 × 1080 அளவே போதுமானது.

படம் ஓடி ஒலி மட்டும் வராவிடின், முதலில் ஒலியளவையும் ஒலிபெருக்கி இணைப்பையும் சோதிக்க வேண்டும். அவை செவ்வையாயிருப்பின், ஒலியின் குறியாக்கமே காரணமாகலாம். டால்பி, டிடிஎஸ் போன்றவற்றைப் பல கருவிகள் ஏற்பதில்லை. ஏஏசி முறையே பெரிதும் பொருந்துவது.

பென்டிரைவையே புரொஜெக்டர் அறியவில்லையாயின் காரணம் வேறு. சில புரொஜெக்டர்களின் யுஎஸ்பி வாயில் பழுதுபார்ப்பதற்கோ மின்சாரம் தருவதற்கோ மட்டும் உரியது. சிலவற்றில் நிழற்படங்கள் மட்டுமே தோன்றும். கருவியுடன் வந்த கையேட்டில் இது குறிக்கப்பட்டிருக்கும். வாயில் சரியானதாயின், பென்டிரைவின் அமைப்பைக் காண்க. ஃபேட்32 அமைப்பைப் பெரும்பாலான கருவிகள் படிக்கும். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் ஆகியவற்றைப் பல கருவிகள் படிப்பதில்லை. ஆனால், ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபி அளவை எட்டும் தனிக் கோப்பு அடங்காது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கணினி கேட்கும்போது, ‘ஆம்’ என்று அழுத்திவிடாதீர்கள். பென்டிரைவிலுள்ள அனைத்தும் அழிந்துபோகும். கைபேசியிலிருந்து முன்னமே நீக்கப்பட்ட படமாயின், அம்முதியவரின் குரல் இருந்த ஒரே பிரதியும் அத்துடன் மறையும். மூலப் படத்தை இரண்டு இடங்களில் பத்திரப்படுத்திய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

பரிகாரம் எளியது. ஹேண்ட்பிரேக் என்னும் இலவச மென்பொருளைக் கணினியில் நிறுவி, மூலப் படத்தைத் திறந்து, ‘ஃபாஸ்ட் 1080பி30’ என்ற அமைப்பைத் தெரிந்தெடுத்தால், ஹெச்.264 படமும் ஏஏசி ஒலியும் கொண்ட புதிய எம்பி4 பிரதி கிடைக்கும். மூலம் அப்படியே இருக்கும். புதிய பிரதிக்கு ஆங்கில எழுத்தில் சிறு பெயர் இடுக. தமிழ்ப் பெயர்கள் சில கருவிகளில் வெறுங்கட்டங்களாகவே தோன்றும். வாட்ஸாப்பில் படத்தைப் பெறுவோர், ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுக; வழக்கமான முறையில் அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுத் தெளிவு குன்றும்.

இத்தனைக்குப் பிறகும் புரொஜெக்டர் மறுக்குமாயின், எச்டிஎம்ஐ கம்பியால் மடிக்கணினியை இணைத்துவிடலாம். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் ‘பி’ எழுத்தையும் சேர்த்தழுத்தி ‘டூப்ளிகேட்’ என்பதைத் தேர்ந்தால் திரையில் காட்சி தோன்றும். விஎல்சி என்னும் இலவச மென்பொருள் ஏறத்தாழ எல்லா வகைப் படங்களையும் ஓட்டவல்லது. ஒலி கணினியிலேயே கேட்குமாயின், ஒலி வெளியேறும் இடத்தைக் கணினியின் ஒலி அமைப்பில் மாற்றிக்கொள்க.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒத்திகை. நாடகத்துக்கும் பாட்டுக்கும் ஒத்திகை பார்க்கும் நாம், படத்துக்கு மட்டும் பார்ப்பதில்லை. விழாவுக்கு முந்திய நாளே, அதே மண்டபத்தில், அதே புரொஜெக்டரில், அதே பென்டிரைவைக் கொண்டு, படத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒலியோடு ஓட்டிப் பாருங்கள். ஊரில் ஒரு முதியவர் முயன்று கேமராமுன் அமர்ந்து சொன்ன வாழ்த்து, இங்குள்ள பிள்ளைகளின் செவியில் பழுதின்றி விழவேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு விழா அமைப்பாளர்களை அன்புடன் வேண்டுகிறோம்.